மூன்று பல்பு மட்டும்

புகைப்படக்காரர்கள் மத்தியில் ஒரு கருத்து கிட்டத்தட்டச் சட்டமாகவே ஆகிவிட்டது. ஃபிளாஷ் போடாதே, இருக்கிற வெளிச்சத்தில் எடு, அதுதான் நேர்மையான படம். ஃபிளாஷ் முகத்தைத் தட்டையாக்கும், பின்சுவரில் கறுப்பு நிழலை ஒட்டிவைக்கும், கண்ணைச் சிவப்பாக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கணத்தையே கெடுத்துவிடும் என்கிறார்கள். என் அண்ணன் மகன் என்னைவிட நன்றாகப் படம் எடுப்பவன். அவனும் இதைத்தான் சொல்வான். "நாம அங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியக்கூடாது சித்தப்பா. ஃபிளாஷ் அடிச்ச உடனே அவங்க அவங்களா இருக்கறதை நிறுத்திடறாங்க." நிழல், தட்டையான முகம், சிவப்புக் கண் இவற்றை நான் மறுக்கவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் மனதை விட்டு இறங்கவே இல்லை. நாம் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதை ஏன் நேர்மை என்று சொல்கிறோம்?

மாமா காலமான பிறகு அவருடைய கேமரா சாமான்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. மடல் மடலாக மடங்கி விரியும் ஒரு ரிஃப்ளெக்டர், அதன் கைப்பிடிக்குள் துருவேறிய பாட்டரி அறை, அட்டைப்பெட்டிகளில் பிரிக்கப்படாமல் இருந்த நீலப் பூச்சு ஃபிளாஷ் பல்புகள், ஒரு படத்துக்கு ஒன்றாக எரிந்து தீருபவை. அவற்றை வைத்துச் சில படங்கள் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அண்ணன் மகனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தொடங்கியது. ஃபிளாஷ் பல்பின் வெளிச்சம் அழகா இல்லையா என்பதில் அந்தப் பதில் இல்லை. கேமராவுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எதைக் கொடுத்தது என்பதில் இருக்கிறது.

பல்புக்குள் தீ

பல்பு என்ற பெயரைக் கேட்டு, வீட்டில் தொங்கிய குண்டு பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து அணைவதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஃபிளாஷ் பல்புக்குள் நடப்பது முழுக்க முழுக்க ஒரு தீ. கண்ணாடிக் கூட்டுக்குள் மெல்லிய உலோகத் தாளோ முடிபோன்ற கம்பியோ சுருண்டு நிறைந்திருக்கும். பெரும்பாலும் அலுமினியம், பிற்காலச் சின்னப் பல்புகளில் சிர்கோனியம். அதைச் சுற்றி ஆக்சிஜன். மின்சாரம் செய்கிற வேலை, நடுவிலிருக்கும் இழையைச் சூடாக்கி அதில் பூசியிருக்கும் பற்றவைப்புக் கலவையைக் கொளுத்துவது மட்டும்தான். மிச்சத்தையெல்லாம் உலோகமும் ஆக்சிஜனும் பார்த்துக்கொள்ளும். எரிந்து முடிந்தபின் உள்ளே வெண்மையான ஆக்சைடு படிந்திருக்கும், கண்ணாடி நெடுக விரிசல் ஓடியிருக்கும், வெளியே பூசிய பூச்சு கொப்புளித்திருக்கும். அந்தப் பூச்சு இருப்பதால்தான் கண்ணாடி சிதறாமல் நிற்கிறது. வண்ண ஃபிலிமுக்காகப் பூச்சை நீலமாக்கினார்கள். பகல் வெளிச்சத்துக்குச் சமன் செய்யப்பட்ட ஃபிலிமில் வெறும் பல்பு மஞ்சளடித்துவிடும், நீலப் பூச்சு அந்த மஞ்சளைக் கழித்துவிடும்.

இதற்கு முன்னால் இருந்தது திறந்தவெளித் தீ. 1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, யோகன்னஸ் கெடிக்கே இருவரும் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து ஃபிளாஷ் தூளை உருவாக்கினார்கள். சத்தம், புகை, உதிரும் சாம்பல், கருகும் திரைச்சீலை, சில நேரம் கருகும் கை. 1929-இல் ஜெர்மனியில் 'வாகுபிளிட்ஸ்' என்ற பெயரில் பல்பு விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் 'சாஷாலைட்', அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பல்பு. தீயைக் கண்ணாடிக்குள் அடைத்தவுடன் புகை போயிற்று, சத்தமும் ஒரு சின்னப் 'பொஃப்' ஆகக் குறைந்தது. வண்ண ஃபிலிமான கோடாக்ரோம் தொடக்கத்தில் ஏ.எஸ்.ஏ. 10 அளவு வேகம் மட்டுமே கொண்டது, அதாவது நிறைய வெளிச்சம் கேட்கும் ஃபிலிம். அப்படிப்பட்ட காலத்தில் மாலைக்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு முகத்தைப் பதிவு செய்ய இந்தத் தீயைவிட எளிய வழி கிடையாது.

தீ என்பதால் அதற்குத் தன் நேரம் உண்டு. எம் வகைப் பல்புகளில் மின்சாரம் பாய்ந்து ஏறத்தாழ 20 மில்லிசெகண்டு கழித்துத்தான் வெளிச்சம் உச்சத்துக்கு வரும். ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் அதுவரை காத்திருக்க வேண்டும். மாமாவின் கேமராவில் லென்சுக்குப் பக்கத்தில் எம், எக்ஸ் என்று இரண்டு எழுத்துகளுக்கு இடையே நகரும் ஒரு நெம்புகோல் உண்டு. எம்மில் வைத்தால், பல்பை முதலில் கொளுத்திவிட்டு, உள்ளே ஒரு குட்டிப் பற்சக்கரத் தொகுதி ஓடி முடியும்வரை ஷட்டர் திறக்காது. எக்ஸ் என்பது மின்னணு ஃபிளாஷுக்கு. அது தாமதமில்லாமல் வெடிப்பதால் காத்திருக்க வேண்டியதில்லை. திரைச்சீலை ஷட்டர் உள்ள கேமராக்களுக்கு எஃப்.பி. என்று இன்னொரு வகை. உச்சத்துக்குப் போய் உடனே இறங்கிவிடாமல், திரையின் இடுக்கு ஃபிலிமின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஓடும்வரை ஒரே சீராக எரியும்படி செய்யப்பட்டவை. ஒரு தீ எப்படி எரியும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதற்குத் தக்கபடி ஓர் இயந்திரத்தைக் காத்திருக்கச் செய்தார்களே, அந்த வேலைப்பாட்டின் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது இவை எதுவும் இல்லாத முறை. அறையை இருட்டாக்கி, கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டரைத் திறந்தபடியே நிறுத்திவிட்டு, கையால் பல்பைக் கொளுத்திவிட்டு ஷட்டரை மூடுவது. ஃபிலிம் அதுவரை இருட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கிறது. படத்தின் தொடக்கமும் முடிவும் பல்பின் கையில். குகைகளுக்குள் படம் எடுப்பவர்களில் சிலர் இப்போதும் இப்படித்தான் பல்பு போடுகிறார்கள். 1952-இல் அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகையின் பெரிய அறையை டெக்ஸ் ஹெல்ம் 2,400 பல்புகளை ஒன்றாகக் கொளுத்திப் படமெடுத்தார்.

இடைவெளி

ஒரு பல்பு போடுவதற்கு முன்னால் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதமே அங்கேதான் இருக்கிறது.

மாமா முதலில் தூரத்தைக் காலடியால் அளப்பார். பிறகு பல்புப் பெட்டியின் மேல் அச்சடித்த அட்டவணையைப் பார்ப்பார். ஃபிலிமின் வேகத்துக்கும் ஷட்டர் வேகத்துக்கும் ஏற்றபடி அதில் ஒரு கைடு நம்பர் இருக்கும். அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் வருவது அபர்ச்சர், லென்சின் துவார அளவைச் சொல்லும் எஃப் எண். எண் கூடினால் துவாரம் சிறுக்கும். கைடு நம்பர் 32 என்றால், நான்கு மீட்டரில் நிற்பவருக்கு எஃப் 8, இரண்டு மீட்டருக்கு வந்துவிட்டால் எஃப் 16. மனக்கணக்குத்தான், ஆனால் ஆள் ஓரடி முன்னே வந்தாலும் மறுபடி போட வேண்டும். அடுத்து பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். உள்ளே ஒரு நீலப் புள்ளி இருக்கும். கண்ணாடியில் கீறல் விழுந்து ஈரக்காற்று புகுந்திருந்தால் அந்தப் புள்ளி இளஞ்சிவப்பாக மாறிவிடும். அப்படிப்பட்ட பல்பைப் போட்டால் வெடித்துவிடக்கூடும் என்பதால் அதை ஒதுக்கிவைப்பார். பிறகு பல்பின் அடிப்பாகத்தை நாக்கால் தொட்டு ஈரமாக்கிப் பொருத்துவார். கான்டாக்ட் நன்றாக ஒட்டுவதற்கு அந்தக்காலப் பத்திரிகைப் படக்காரர்கள் எல்லோரும் செய்த காரியம் அது. பழைய ஃபிளாஷ்களில் பாட்டரி நேரடியாகப் பல்பைக் கொளுத்தும். பாட்டரி தளர்ந்தால் பல்பு தாமதமாகப் பற்றும், அல்லது பற்றவே பற்றாது. பிறகு வந்தவற்றில் 22.5 வோல்ட் குட்டிப் பாட்டரி, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெபாசிட்டரை நிரப்பிவைக்கும், அந்தக் கெபாசிட்டர் ஒரே வீச்சில் கொட்டும். ஆள் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் ரிஃப்ளெக்டரின் மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்துவார். வெளிச்சம் குறையும், முகத்தில் மென்மையாக விழும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் "போடறேன், பாருங்க" என்பார்.

எதிரில் உட்கார்ந்திருப்பவர் இத்தனையையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் அவருக்கு ஓர் இடைவெளி இருந்தது. தலையைச் சரிசெய்யலாம். பக்கத்தில் இருப்பவரை நெருங்கி உட்காரலாம். கண்ணாடியைக் கழற்றலாம், போட்டுக்கொள்ளலாம். எழுந்து போய்விடவும் செய்யலாம். வெளிச்சம் வந்தபின் முகம் மாறித்தான் போகும், ஆனால் அதற்குள் படம் முடிந்திருக்கும். பல்பின் வலுவான வெளிச்சம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நிற்கிறது. ஒரு முறை கண்ணிமைக்கவே நொடியில் பத்தில் ஒரு பங்காவது பிடிக்கும். கண்ணிமைப் பொழுதைக் கால அளவாக வைத்த மொழியில் பிறந்த நமக்கு இது சுலபமாகப் புரியும். இமை இறங்குவதற்குள் தீ எரிந்து அணைந்துவிடுகிறது. ஆகவே நெகட்டிவில் விழுவது, அந்தக் காத்திருப்பில் அவர் தனக்காகத் தயார் செய்துவைத்திருந்த முகம். அண்ணன் மகன் சொல்வதுபோல் அது 'அவர் அவராக இல்லாத' முகம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாலு பேர் பார்க்கும்படி எந்த முகத்தை வைக்க வேண்டும் என்று ஒருவர் தானே தேர்ந்தெடுப்பதும் அவர்தானே?

ரெண்டு போதும்

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, செல்பேசியில் படம் எடுக்க யாரையும் விடுவதில்லை. கையால் முகத்தை மறைத்துக்கொள்வார், அல்லது எழுந்து உள்ளே போய்விடுவார். வயதானதால் வந்த கூச்சம் என்று குடும்பத்தில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஒருநாள் எங்கள் குடும்பக் குழுவில் அவர் வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்று வந்தது. வெளிச்சமும் சிரிப்பும் சேர்ந்த, நிஜமாகவே நல்ல படம். எல்லோரும் பாராட்டினார்கள். அத்தைக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. "எப்ப எடுத்தாங்கன்னே தெரியலையே. நான் அங்கதானே இருந்தேன்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் அங்கேதானே இருந்தேன் என்ற அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

மாமாவின் கேமராவை எடுத்துக்கொண்டு அவரிடம் போனது அதற்குப் பிறகு. பையைத் திறந்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"இது அவரோடதுதானே?"

"ஆமா அத்தை. இதுல உங்களை ஒரு படம் எடுக்கலாம்னு வந்தேன்."

மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "பல்பு எத்தனை கொண்டு வந்திருக்கே?"

சட்டைப்பையில் இருந்ததை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ரெண்டு போதும். ஒண்ணு உக்காந்து, ஒண்ணு நின்னு."

பிறகு நடந்ததெல்லாம் அவருடைய போக்கில்தான் நடந்தது. நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் திருப்பிப் போடச் சொன்னார். உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்தார். நான் காலடியால் அளந்துவிட்டு அபர்ச்சரைத் திருப்பும்போது, "கைக்குட்டை போடலையா? அவர் போடுவாரே" என்றார். போட்டேன். குறையும் வெளிச்சத்துக்கு ஈடாக அபர்ச்சரை ஒரு படி அகலத் திறந்துகொண்டேன். பல்பை நாக்கால் தொட்டுப் பொருத்தியதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, லென்சைப் பார்த்தார். மாமா எடுத்த அத்தனை படங்களிலும் அத்தை பார்க்கும் பார்வை அதேதான். இளம்பெண்ணாக இருந்த படத்தில்கூட அதே நேர்ப் பார்வை.

அழுத்தினேன். ஷட்டர் மட்டும் சத்தம் போட்டது, பல்பு பற்றவில்லை. கான்டாக்டில் துரு. அத்தை அசையவே இல்லை. "எரியலைன்னா அது கணக்கில்லை. இன்னொரு தடவை போடு" என்றார். எது கணக்கில் சேரும், எது சேராது என்பதும் அவர் வைத்ததுதான். துருவைச் சுரண்டி, அதே பல்பை மறுபடி பொருத்தி அழுத்தினேன். எரிந்தது. அறை முழுக்க வெளுத்து, அத்தையின் பின்னால் இருந்த அலமாரியின் கண்ணாடி ஒரு கணம் திருப்பியடித்தது. சூடான பூச்சின் வாசனை வந்தது. அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றார். இரண்டாவது பல்பு முதல் அழுத்தலிலேயே பற்றியது.

அப்போது அவர் நகர்ந்து ஜன்னல் பக்கம் போனார். பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் அவர் முகம் மிக நன்றாக இருந்தது. "அத்தை, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டேன். சட்டைப்பையில் பல்பு இருந்தது அவருக்கும் தெரியும்.

"ரெண்டுன்னு சொன்னேனே."

கோபமில்லை, குரல் உயரவில்லை. சொன்னது சொன்னபடி முடிந்துவிட்டது, அவ்வளவுதான். கேமராவை மூடினேன். அன்று அந்த அறையில் எனக்குப் பட்டது இது: அத்தைக்குக் கேமரா மேல் கூச்சம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கணக்கு வைக்க முடியாத கேமராவைத்தான் அவர் ஒதுக்கினார். மாமாவின் கேமராவோடு அவர் வாழ்ந்த காலம் முழுக்க எத்தனை படம், எப்போது, எந்த நிலையில் என்பதில் அவருக்கும் ஒரு சொல் இருந்தது. பல்புகள் கண்ணுக்குத் தெரிந்தன, எண்ண முடிந்தது. எண்ண முடிந்ததால் பேரம் பேச முடிந்தது.

அதே பேரத்தை நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் பேசியிருக்கிறார். 1946-இல் அமெரிக்கப் படக்காரர் மார்கரெட் பர்க்-வைட் 'லைஃப்' பத்திரிகைக்காகக் காந்தியைப் படமெடுக்கப் புனே போனார். ராட்டையோடு காந்தியை எடுக்க வேண்டுமென்றால் முதலில் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், கற்றுக்கொண்டார். அன்று காந்திக்கு மௌன நாள், பேசக்கூடாது. பளிச்சென்ற வெளிச்சம் அவருக்குப் பிடிக்காது. கடைசியில் மூன்று பல்பு மட்டும் என்று அனுமதி. முதல் இரண்டும் படமாகாமல் வீணாயின, மூன்றாவதில்தான் படம் கிடைத்தது. முன்னால் ராட்டை, பின்னால் ஜன்னல், நடுவில் தலைகுனிந்து வாசித்துக்கொண்டிருக்கும் காந்தி. இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் படக்காரரின் பதற்றத்தையே சொல்கிறார்கள். எனக்கு அந்த 'மூன்று' என்ற எண்தான் முக்கியமாகப் படுகிறது. உலகமே படமெடுத்த ஒரு மனிதர் தன் அறைக்குள் வரும் வெளிச்சத்துக்கு ஓர் எண்ணிக்கை வைக்க முடிந்தது. இன்று அந்த இடத்தில் எந்த எண்ணைச் சொல்வார்கள்? நொடிக்கு இருபது படம் சத்தமில்லாமல் எடுக்கும் கேமராவிடம் மூன்று என்று சொன்னால், அந்த மூன்று முடிந்ததா இல்லையா என்பதை எதிரில் இருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

எண்ண முடியாதபோது

பல்போ தூளோ தன்னளவில் நல்லது செய்தது என்று நான் சொல்லவில்லை. பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் 1887 தொடங்கி நியூயார்க்கின் நெரிசல் குடியிருப்புகளுக்குள் நள்ளிரவில் ஃபிளாஷ் தூளோடு போனார். முதலில் துப்பாக்கி மாதிரியான கருவியில் தூளை வெடித்தார், அதைக் கண்டு மக்கள் மிரண்டதால் பிறகு வாணலியில் வைத்துக் கொளுத்தினார். இரண்டு முறை வீட்டுக்கே தீப்பிடித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் படங்களால் அங்கே இருந்த வறுமை வெளியே தெரிந்தது, நல்லதும் நடந்தது. ஆனால் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தவர்களின் முகங்கள் அவை. யாரும் அவர்களிடம் எத்தனை என்று கேட்கவில்லை. நீதிமன்றப் படிக்கட்டில் ஒருவரைச் சூழ்ந்து நின்று, பைநிறையப் பல்புகளோடு வரிசையாக அடித்த பத்திரிகைக் கூட்டத்துக்கும் அதே நிலைதான். ஒரு பல்பை எண்ணலாம். முப்பது பேர் கையில் முப்பது பல்பு இருக்கும்போது எண்ணி என்ன செய்வது?

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் மிக வலுவான உதாரணத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வாதத்தைக் கூர்மையாக்குகிறது. நியூயார்க்கின் இரவுகளைப் பல்பு வெளிச்சத்தில் எடுத்துப் பேர்பெற்ற வீஜீ, ஸ்பீட் கிராஃபிக் கேமராவும் பல்புமாகவே அலைந்தவர். எஃப் 16, பத்தடி தூரம் என்று முன்கூட்டியே பூட்டிவைத்துக்கொண்டு ஓடியவர். அவர் 1940-களில் சினிமா அரங்குகளின் இருட்டில் பார்வையாளர்களை எடுத்தபோது அகச்சிவப்பு ஃபிலிமையும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை வடிகட்டிவிடும் அகச்சிவப்புப் பல்பையும் பயன்படுத்தினார். முத்தமிடுபவர்கள், தூங்குபவர்கள், பயந்து கண்ணை மூடிக்கொள்ளும் குழந்தைகள். அவர்களில் யாருக்கும் தெரியாது. அதே கண்ணாடி, அதே உலோகம், அதே தீ. மேலே ஒரு கரும்பூச்சு மட்டும் கூடுதல். அந்தப் பூச்சு எடுத்துக்கொண்டது வெளிச்சத்தை மட்டுமா? எதிரில் இருந்தவருக்குத் தெரியும் வாய்ப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

மறுபக்கம் வின்ஸ்டன் லிங்க் இருக்கிறார். 1955 முதல் 1960 வரை அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவில் எடுத்தவர். சூரியனையும் தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது என்பதால் வெளிச்சத்தைத் தானே கட்டினார். 1956-இல் மேற்கு வர்ஜீனியாவில் திறந்தவெளித் திரையரங்கு ஒன்றின் பின்னால் ரயில் போகும் படத்துக்கு 43 பல்புகள். எல்லாம் தொடர் இணைப்பில், ஒன்று பற்றாவிட்டால் எதுவும் பற்றாது. முன்னால் திறந்த காரில் ஓர் இளம் ஜோடி படம் பார்க்கிறது. அவர்களை அங்கே உட்காரவைத்ததே லிங்க்தான், காரும் அவருடையதே. அத்தனை பல்புகளும் சேர்ந்து எரிந்ததில் திரையிலிருந்த காட்சி வெளிறிப் போய்விட்டது. திரையில் தெரியும் விமானத்தை இன்னொரு நெகட்டிவிலிருந்து பின்னால் சேர்த்தார். அண்ணன் மகனிடம் இதைச் சொன்னால் 'முழுக்க நாடகம்' என்பான். நாடகம்தான். அந்தப் பாதையோரம் குடியிருந்தவர்களை அவர் தன் படங்களில் நிற்கவும் உட்காரவும் வைத்தார், அவர்களும் தெரிந்தே நின்றார்கள், உட்கார்ந்தார்கள். கம்பி இழுத்துப் பல்புகளைப் பொருத்தவே மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் அவகாசம் இருந்தது.

அந்த அவகாசம் எப்படிக் கரைந்தது என்பதைப் பல்பின் பிற்கால வரலாற்றிலேயே பார்க்கலாம். 1965-இல் ஃபிளாஷ் கியூப் வந்தது. நான்கு பல்பு, நான்கு பக்கம், ஒவ்வொரு படத்துக்கும் தானே திரும்பிக்கொள்ளும். நாக்கால் தொட வேண்டாம், சூடான பல்பைக் கழற்ற வேண்டாம். 1970-இல் வந்த மேஜிக்கியூபுக்குப் பாட்டரியும் வேண்டாம், ஒரு சின்ன ஸ்பிரிங் தட்டினாலே பற்றிக்கொள்ளும். 1972-இல் போலராய்டு எஸ்.எக்ஸ்-70 கேமராவோடு பத்துப் பல்பு கொண்ட பட்டை. அவை எல்லாமே வசதிதான், வீட்டுக்கு வீடு நல்ல படங்கள் வந்ததும் அவற்றால்தான். ஆனால் ஒவ்வொரு படியிலும் படமெடுப்பவரின் சிரமம் குறைந்த அளவுக்கு எதிரில் இருப்பவரின் இடைவெளியும் குறைந்தது. பின் மின்னணு ஃபிளாஷ் மலிவானது. 1930-களிலேயே அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்டு எட்ஜர்டன் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டியது, சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது. எண்ணிக்கை போய்விட்டது. கெபாசிட்டர் நிரம்பும் அந்த மெல்லிய கீச்சொலியும் தயாரானதும் எரியும் சின்ன விளக்கும் மட்டும் கொஞ்ச காலம் மிச்சமிருந்தன. இப்போது அதுவும் வேண்டாம். சென்சார்கள் இருட்டிலும் பார்க்கின்றன. வெளிச்சமே போடாமல் எடுப்பதை நாம் நேர்மை என்று கொண்டாடத் தொடங்கியதும், படமெடுப்பவரை எதிரில் இருப்பவர் கவனிக்க முடியாமல் போனதும் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன.

மாமாவின் பல்புகள் தீர்ந்துவிடும். அதற்காக நான் டிஜிட்டலை விடப்போவதில்லை, விடவும் முடியாது. இப்போது முகங்களை எடுக்கும்போது ஒன்று செய்கிறேன். எத்தனை எடுக்கப்போகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு என்றால் ஆறு. தொடர் படமெடுப்பை அணைத்துவிட்டு, ஷட்டர் சத்தத்தைக் கேட்கும்படி வைக்கிறேன். எதிரில் இருப்பவர்கள் முதலில் ஆச்சரியப்படுகிறார்கள், பிறகு எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். நாலாவதில் நிறுத்தி, "கொஞ்சம் இருங்க, மாத்தி உக்காந்துக்கறேன்" என்று சொல்பவர்களும் உண்டு.

அண்ணன் மகனிடம் இதையெல்லாம் விரிவாகவே பேசினேன். அவன் கவனமாகக் கேட்டான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கணக்கோடு போனால் தெருவில் ஒரு படம்கூட எடுக்க முடியாது, நான் மதிக்கும் படங்களில் பாதி இல்லாமல் போயிருக்கும் என்றான். "வீஜீயோட அந்த தியேட்டர் படங்களையும் வேண்டாம்னு சொல்வீங்களா சித்தப்பா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்தப் படங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இனியும் பார்ப்பேன். ஆனால் அந்த இருட்டில் அத்தை உட்கார்ந்திருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்றேன். "உட்கார்ந்திருந்தது யாரோட அத்தைன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். தன்னுடைய கட்சிக்காகத்தான் கேட்டான். என்னுடைய கட்சிக்கும் அதே கேள்விதான் என்று அவனிடம் சொன்னேன்.